நாலாவது மூலை

வெல்டருக்கு ஒரு காகிதத்தின்மேல் பதினோரு வருஷமாகக் கோபம். அந்தக் காகிதம் அவருடையது இல்லை. அவரிடம் அப்படி ஒன்று இருந்ததே இல்லை. கோபமே அதனால்தான்.

பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறை அது. வெறும் சட்டமும் சக்கரமுமாக உள்ளே வரும் வண்டி, ஆறு வாரத்தில் கூரையும் ஜன்னலும் சீட்டுமாக வெளியே போகும். இரும்போடு இரும்பு சேரும் இடமெல்லாம் வெல்டரின் கை பட்ட இடம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு வந்தவர். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும், பின்னால் ஒருத்தன் பற்றவைக்கிற சத்தத்தைக் கேட்டே, “கரண்டைக் குறைடா” என்பார். ஒட்டு சரியில்லை என்றால் அது அவர் போட்டதாகவே இருந்தாலும் சுத்தியலால் அடித்து உடைத்துவிட்டு மறுபடி போடுவார். பழைய மேஸ்திரி ஓய்வு பெற்றபோது, அடுத்தது வெல்டர்தான் என்று கேட்டில் நிற்கும் காவலாளி முதற்கொண்டு பேசிக்கொண்டார்கள். அவரும் அதை நம்பி, புதுச் சட்டை ஒன்று தைக்கக் கொடுத்துவிட்டார்.

மேனேஜர் ஆபீசுக்குக் கூப்பிட்டார். கேட்டது ஒரே கேள்வி.

“பத்தாவது இருக்கா?”

“கை இருக்கு சார்” என்று வெல்டர் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார்.

மேனேஜர் சிரித்தார். மேனேஜர் சிரித்ததால் கிளார்க்கும் சிரித்தான். அடுத்த வாரம் புது மேஸ்திரி வந்து சேர்ந்தான். முப்பது வயசு, இஸ்திரி போட்ட பேண்ட். வந்த அன்றைக்கே வெல்டரின் முகமூடியை வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமே தெரியலையே, இந்தக் கண்ணாடியை யாரும் துடைக்கறதில்லையா?” என்று கேட்டான். வெல்டிங் கண்ணாடி கறுப்பாகத்தான் இருக்கும் என்று தெரியாதவன், வெல்டிங் பகுதிக்கு மேஸ்திரி. பட்டறையில் அன்றிலிருந்து அவனுக்குப் பெயர் ‘காகிதம்’. இதில் பெரிய அநியாயம் என்னவென்றால், காகிதம் கெட்டவன் இல்லை. வாய் நிறைய அண்ணே என்பான். தெரியாததைத் தெரியாது என்பான். அதனால் அவனைத் திட்டுவதுகூட முழுசாக ருசிக்கவில்லை.

தைத்து வந்த சட்டையை வெல்டர் போடவே இல்லை. பெட்டிக்குள்ளேயே மடிப்போடு கிடந்தது.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் அவருடைய மச்சான் ஜெயிலுக்குள்ளிருந்து பத்தாவது பாஸ் பண்ணினார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். வெல்டரைவிட நாலு வயசு பெரியவர். மூணாம் வகுப்பில் வாத்தியார், “வெளியே நில்லு” என்றார். மச்சான் நிற்கவில்லை, அப்படியே நடந்து லாரி ஷெட்டுக்குப் போய்விட்டார். “அந்த வாத்தியார் இன்னும் என்னை உள்ளே கூப்பிடலை” என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். கிளீனராகப் பதினோரு வருஷம், டிரைவராக இருபத்திரண்டு வருஷம். படிக்கத் தெரியாத டிரைவர். சாலையோரப் பெயர்ப்பலகைகளை எழுத்தாக இல்லாமல் படமாக மனசில் வைத்திருந்தார். வளைந்த வால் முதலில் வந்தால் இடது பக்கம், இரண்டு கொம்பு வந்தால் நேராக. ஒருமுறை பலகையைப் புதுசாக வேறு மாதிரி எழுதிவிட்டார்கள். ஒரு லோடு சிமெண்ட் இருநூறு கிலோமீட்டர் தப்பான திசையில் போய்ச் சேர்ந்தது.

பிறகு ஒருநாள் சரக்கு இறக்கும் யார்டில், யார் வண்டி முன்னால் போவது என்று தகராறு. மச்சான் கையில் ஜாக்கி லிவர் இருந்தது. ஓங்கியது ஒரே தடவைதான். அடி வாங்கியவன் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனான். மச்சான் எதையும் மறுக்கவில்லை. நான்தான் என்றார், அவ்வளவுதான்.

தீர்ப்பு வந்த அன்றைக்கு வெல்டர் இரண்டு காரியம் செய்தார். அதுவரை ‘வாங்க மச்சான், போங்க மச்சான்’ என்று இருந்தவர், அன்றிலிருந்து ‘அவன்’ என்று ஆக்கினார். பட்டறையில் யார் கேட்டாலும், மச்சானுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னார். தெருவுக்கும் அதே கதைதான். ஒன்பது வருஷம் அந்தக் கதையைக் கீழே விழாமல் காப்பாற்றினார். காகிதம் வருஷத்துக்கு ஒருமுறை மறக்காமல், “மச்சான் ஊருக்கு வரலையா அண்ணே?” என்று விசாரிப்பான். “லீவு குடுக்க மாட்டேங்கறானாம்” என்பார் வெல்டர். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஒன்பது வருஷத்தில் ஒருமுறைகூட அவர் போய்ப் பார்க்கவில்லை. மனைவிதான் மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போய்வருவாள். லாண்டரியில் துணி தேய்க்கிற வேலை அவளுக்கு. அந்தச் சனிக்கிழமைக்காக மற்ற நாளில் கூடுதலாக நின்று தேய்ப்பாள். கிளம்பும்போது வெல்டர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: எங்கே போகிறாய் என்று தெருவில் கேட்டால் வாயைத் திறக்காதே.

அப்படி ஒரு சனிக்கிழமை போய்விட்டு வந்தவள், செருப்பைக் கழற்றும்போதே, அண்ணன் பத்தாவது பாஸ் என்றாள்.

வெல்டருக்குப் புரை ஏறிவிட்டது. குடித்துக்கொண்டிருந்த டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தார். அங்கே வேறு என்ன வேலை, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவதற்குப் புஸ்தகத்தைப் பார்த்திருக்கிறான் என்றார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டாம் அவர். பதில் அவருக்குப் பல மாசத்துக்குத் தீனியாகிவிட்டது. உள்ளே நெசவுக் கொட்டகையின் கோடியில் மத்தியானம் வகுப்பு நடக்குமாம். நடத்துகிறவரும் கைதிதான். வெளியே இருந்தபோது போலி முத்திரை செய்து, கள்ளச் சான்றிதழ் அடித்துக் கொடுத்து மாட்டியவர். உள்ளே அவருக்குப் பெயரே முத்திரை வாத்தியார்.

“கள்ளச் சான்றிதழ் அடிச்சவன்கிட்ட படிச்சு உங்க அண்ணன் நல்ல சான்றிதழ் வாங்கியிருக்கான்” என்றார் வெல்டர். “நேரா அவன்கிட்டயே ஒண்ணு வாங்கியிருந்தா இத்தனை வருஷம் கண்ணு கெட்டிருக்காது.”

மனைவி உள்ளே போய்விட்டாள்.

பரீட்சை தேறினால் தண்டனையில் சில நாள் கழிப்பார்கள் என்று ஒரு விதி இருந்தது. வகுப்புக்கு வந்த முக்கால்வாசிப் பேர் அதற்காக வந்தவர்கள். மச்சானும் அதற்காகத்தான் போனார் என்று வெல்டர் முடிவு கட்டிவிட்டார். எட்டாவது ஒரே தடவையில் வந்தது. பத்தாவதில் கணக்கு இரண்டு தடவை காலை வாரிவிட்டு மூணாவது தடவை வந்தது.

விடுதலை ஆன அன்றைக்கும் வெல்டர் ஜெயில் கேட்டுக்குப் போகவில்லை. தெருவுக்குப் பக்கத்து பஸ் ஸ்டாண்டில், கையில் ஒரு காலிப் பெட்டியோடு காத்திருந்தார். சக்கரம் வைத்த பெரிய பெட்டி. வெளிநாட்டிலிருந்து வருகிறவன் வெறுங்கையோடு வந்தால் தெரு என்ன நினைக்கும்? மச்சான் பஸ்ஸை விட்டு இறங்கினார். தலை பாதி நரைத்திருந்தது. பெட்டியைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். கையில் பாலிதீனில் சுற்றி வைத்திருந்த ஒரே ஒரு தாளை அதற்குள் வைத்து மூடிவிட்டு, பெட்டியை ஒரு விரலில் தூக்கிக்கொண்டு நடந்தார்.

“கொஞ்சம் சாய்ஞ்சு நட” என்று வெல்டர் பல்லைக் கடித்தார். “உள்ளே பொருள் இருக்கற மாதிரி.”

“இருக்கே மாப்ளே” என்றார் மச்சான்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மச்சான் வெல்டரிடம் வந்தார். இதற்கு ஒரு சட்டம் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். உள்ளே தாளைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடாம். கண்ணசந்தால் கிழித்துப் பீடி சுருட்டிவிடுவார்களாம். சான்றிதழ் கைக்கு வந்த பிறகு மூணு மாசம் அதை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறார்.

வெல்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மரச்சட்டம் போட்டிருக்கலாம், நாலு ஆணியோடு வேலை முடிந்திருக்கும். ஆனால் வெல்டருக்கு அன்றைக்குக் குசும்பு ஏறியிருந்தது. பஸ் ஜன்னலுக்குப் போடும் இரும்பு ஆங்கிளை அறுத்துச் சட்டம் கட்டினார். முன்னால் கண்ணாடி, நடுவில் தாள், தாளுக்குப் பின்னால் அட்டை, அட்டைக்குப் பின்னால் கனமான தகடு. தகட்டைத் திருகு போட்டுப் பொருத்துவார்கள் என்றுதான் மச்சான் நினைத்தார். வெல்டர் முகமூடியை மாட்டினார்.

“திறக்க வேண்டாமா மாப்ளே?”

“எதுக்குத் திறக்கணும்? நீ ஒன்பது வருஷம் உள்ளே இருந்தே. இது ஆயுசு முழுக்க இருக்கட்டும்.”

மச்சான் யோசித்தார். பீடிக்காரர்கள் ஞாபகம் வந்திருக்க வேண்டும். “அதுவும் சரிதான்” என்றார். “எவனும் கை வைக்க முடியாது.”

சூடு தாளுக்கு ஏறாமல் இருக்க, ஒவ்வொரு மூலையிலும் ஈரச்சாக்கை மடித்து வைத்துப் பற்றவைக்க வேண்டும். முதல் மூலையில் வைத்தார். இரண்டாவதில் நனைத்து வைத்தார். மூன்றாவதிலும் வைத்தார். நாலாவது மூலைக்கு வரும்போது சாக்கு காய்ந்துவிட்டது. தண்ணீர் வாளி எட்டடி தள்ளி இருந்தது. பஸ்ஸாக இருந்தால் எட்டடி இல்லை, எட்டு மைல் நடந்திருப்பார். இது ஒரு தாள். ஜெயிலில் வாங்கிய தாள். அவருக்குக் கிடைக்காமல், ஒரு கொலைகாரனுக்குக் கிடைத்த தாள். காய்ந்த சாக்கோடேயே பற்றவைத்தார்.

மெல்லிசாக ஒரு நூல் மாதிரி புகை வந்தது. தாள் கருகும் வாசனை என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மச்சான் கண் கூசி வேறு பக்கம் திரும்பி நின்றார். வெல்டர் ஒட்டை முடித்தார், தட்டிப் பார்த்தார், திருப்பி வைத்தார். ஆங்கிளின் மடிந்த உதடு ஓரமெல்லாம் இரண்டு விரற்கடைக்கு மறைத்திருந்தது. கருகிய இடம் அதற்குள் போய்விட்டது.

மச்சான் வெகுநேரம் கண்ணாடி வழியாகப் பார்த்தார். “கீழே மூலையில அதிகாரி கையெழுத்தும் சீலும் இருந்துச்சு. தெரியலையே.”

“சட்டம்னா ஓரம் மறையத்தான் செய்யும்” என்றார் வெல்டர்.

அன்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒட்டு சரியில்லை என்றால் உடைத்துவிட்டு மறுபடி போடுகிற மனுஷன், அன்றைக்குச் சுத்தியலைத் தொடவில்லை.

சட்டம் கூடத்துச் சுவரில் ஏறியது. ஒரு பஸ் ஜன்னல் கனம். இரண்டு ஆணி தாங்காமல் நாலு ஆணி அடித்தார்கள். அதன்பிறகு மச்சானுக்கு வீட்டில் பெயர் ‘பத்தாவது’. பத்தாவது குளிச்சாச்சா, பத்தாவதுக்கு ஒரு சோப்புப் பெட்டி எடுத்துக் குடு, பத்தாவதைக் கேளு, பல்பு ஏன் எரியலைன்னு சொல்லும். மச்சான் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. பல்பையும் மாற்றினார்.

லாரிக்கு யாரும் எடுக்கவில்லை. ஒரு குடோனில் மூட்டை சுமந்தார். இரண்டு வருஷம் போனது. அதன்பிறகு தண்ணீர் இறைக்கும் நிலையத்தில், மோட்டாரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றார். நிரந்தர வேலை. மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்று ஒரு மணிக்கு ஒருமுறை நோட்டில் எழுத வேண்டும், வால்வைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். அங்கிருந்த அதிகாரியிடம் மச்சான் ஜெயில் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட்டார். அதிகாரி விடுதலைக் கடிதத்தைப் படித்துவிட்டு, அது முடிந்த கதை என்றாராம். பத்தாவது அசல் சான்றிதழை மட்டும் கொண்டுவரச் சொன்னாராம்.

இதைக் கேட்டு வெல்டருக்கு வயிறு எரிந்தது. ஆளைக் கொன்றது பரவாயில்லை, பத்தாவது படிக்காததுதான் குற்றம் என்று ஆகிவிட்டது உலகம் என்றார்.

மச்சான் சுவரிலிருந்து சட்டத்தை இறக்கி, ஒரு பெட்ஷீட்டில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு போனார். நடந்ததைச் சாயந்திரம் வந்து அவரே சொன்னார், அதுவும் சிரித்துக்கொண்டே. கிளார்க்கின் மேஜைமேல் வைத்ததும் மேஜைக் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டதாம். “இது சான்றிதழா, ஜன்னலா?” என்று கிளார்க் கேட்டானாம். ஜெராக்ஸ் மெஷின்மேல் படுக்கவைத்துப் பார்த்தார்களாம், மூடி மூடவில்லையாம். வரிசையில் நின்றவர்களில் ஒருத்தன், பக்கத்துக் கடையில் கடப்பாரை கிடைக்கும் என்றானாம். கடைசியில் கிளார்க், தாளை வெளியே எடுத்துக் கையில் கொடுத்தால்தான் பார்ப்பேன், முப்பது நாள் டைம், அதற்குப் பிறகு வேறு ஆள் என்று சொல்லிவிட்டானாம்.

“அறுத்து எடுத்துக் குடுங்க மாப்ளே” என்றார் மச்சான்.

வெல்டர் அன்றைக்குச் சிரித்திருக்க வேண்டும். அவர் பதினோரு வருஷமாகச் சேர்த்துவைத்த ஏளனத்துக்கெல்லாம் இதைவிட நல்ல விருந்து கிடைக்காது. சிரிப்பு வரவில்லை. போட்டோ எடுத்துக் கொடுத்தால் போதாதா என்றார். கிரைண்டர் வைத்தால் பொறி பட்டு எரிந்துவிடும் என்றார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அடுத்த வாரம், பட்டறையில் வேலை நெருக்கடி என்றார். முப்பது நாளில் பத்தொன்பது நாள் இப்படியே கரைந்தது. இருபதாம் நாள் மனைவி, துணி தேய்த்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்:

“எங்கண்ணன் அங்கேருந்து கொண்டுவந்தது அது ஒண்ணுதான். பெட்டி உங்களுது.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்மேல் சட்டத்தைக் குப்புறப் போட்டு, கிரைண்டரைத் தொடாமல், கையால் இழுக்கும் ஹாக்ஸா பிளேடை வைத்து அறுக்க ஆரம்பித்தார். மனைவி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மச்சான் எதிரே குந்தியிருந்து சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். ஒட்டு அத்தனை கெட்டி. ஒரு மூலைக்கு ஒரு பிளேடு தேய்ந்தது.

அறுக்கும் நேரத்தில் மச்சான் பேச்சுக் கொடுத்தார். அவர் ஏன் அந்த வகுப்புக்குப் போனார் என்ற கதை. வெல்டர் ஒருநாளும் கேட்டதில்லை. நாள் கழிவுக்குத்தான் என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார். மச்சான் சொன்னது வேறு. முதல் வருஷம் தங்கச்சி எழுதும் கடிதங்களை உள்ளே ஒருத்தன் படித்துச் சொல்லுவான். படித்ததற்குக் கூலி இரண்டு பீடி. ஒருநாள் கொடுக்கப் பீடி இல்லை. அந்தக் கோபத்தில் அவன் கடிதத்தைப் பிரித்து, உன் தங்கச்சி புருஷன் பஸ் கூரையிலிருந்து விழுந்து செத்துப்போனான் என்று படித்தான்.

“ரெண்டு நாள் சோறு இறங்கலை மாப்ளே. உங்க முகத்தைக் கடைசியா எப்பப் பார்த்தோம்னு யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். கோர்ட்டு வாசல்ல நீங்க முதுகைக் காட்டிக்கிட்டுப் போனதுதான் ஞாபகம் வந்துச்சு. மூணாம் நாளு முத்திரை வாத்தியார் அந்தக் கடிதாசியை வாங்கிப் படிச்சாரு. உங்களுக்குச் சளி பிடிச்சிருக்குன்னு எழுதியிருந்தா.”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா என்ன என்று தெரியவில்லை.

“அன்னிக்கு மத்தியானமே கொட்டகைக்குப் போயிட்டேன்” என்றார் மச்சான். “இனிமே ஒருத்தன் படிச்சு நான் உங்களுக்காக அழக் கூடாதுன்னு.”

வெல்டர் பிளேடைத் தண்ணீரில் தோய்த்தார். மூணு மூலை விட்டுவிட்டது. நாலாவது மூலை பாக்கி. அங்கே வந்ததும் கை நின்றது. நிறுத்திவிட்டு மச்சானின் முகத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கடைசியில் ஒரே மூச்சில் அறுத்து முடித்துத் தகட்டை நெம்பினார்.

தாள் வெளியே வந்தது. அச்செழுத்தும் மதிப்பெண்ணும் புதுசு மாதிரி இருந்தன. கணக்கில் முப்பத்தைந்து, ஒரு மார்க் குறைந்திருந்தால் நாலாவது தடவை. ஜெயில் என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. தனித்தேர்வர் என்று மட்டும் போட்டிருந்தது. வலது பக்கம் கீழே, கையெழுத்தும் சீலும் இருந்த இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பு. மச்சான் தொட்டுப் பார்த்தார். கறுப்பு உதிர்ந்து தரையில் விழுந்து, அங்கே ஓட்டை மட்டும் மிஞ்சியது.

பக்கத்து வீட்டில் எங்கேயோ குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது.

“அன்னிக்கே தெரியும்” என்றார் வெல்டர். தரையைப் பார்த்துத்தான் சொன்னார். “சாக்கு காய்ஞ்சிருந்துச்சு. வாளி தள்ளி இருந்துச்சு.”

மனைவி அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தி ஒருவழியாகப் பிழைத்திருப்பார். “காகிதம் காகிதம்னு அந்த ஆளைப் பதினோரு வருஷம் கேலி பண்ணினீங்க” என்றாள். “கறுப்புக் கண்ணாடியைத் துடைக்கலையான்னு கேட்டதுக்கு. அவருக்குத் தெரியலை, கேட்டாரு. தெரிஞ்சு கெடுத்தவரை என்ன பேர் சொல்லிக் கூப்பிடறது?” சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை அந்தத் தாளை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக்கொண்டு இருவருமாகத் தண்ணீர் நிலையத்துக்குப் போனார்கள். கிளார்க் ஓட்டை வழியாக விரலை விட்டு மறுபக்கம் ஆட்டிக் காட்டினான். கையெழுத்து இல்லாத தாளும் பொட்டலம் மடிக்கிற தாளும் தனக்கு ஒன்று என்றான். அவன் தலையில் ஒன்று போட வேண்டும் போல வெல்டருக்குக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு, நான்தான் எரித்தேன், என் கைத்தப்பு, அவர்மேல் குற்றம் இல்லை என்றார். கிளார்க் அதிசயமாகப் பார்த்துவிட்டு, அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்று ஒரு வெள்ளைத்தாளை நீட்டினான். வெல்டர் நாலு வரி எழுதுவதற்குள் பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்துவிட்டது. பத்து டன் வண்டிக்கு ஒட்டுப் போடும் கை. கிளார்க் அதை வாங்கிப் படித்து, பரவாயில்லை, புரிகிறது என்றான். பதினோரு வருஷத்தில் வெல்டர் பட்ட அவமானங்களில் அதுதான் சின்னது. அதுதான் அதிகம் எரிந்தது.

நகல் சான்றிதழ் வாங்கலாம் என்றான் கிளார்க். அதற்கு, இவர் இங்கே இருந்துதான் பரீட்சை எழுதினார் என்று அந்த ஜெயிலிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். பரீட்சை எழுதினவர் நேரில் போய்க் கேட்க வேண்டும், இல்லையென்றால் அவருடைய குடும்பத்தில் ஒருத்தர் போகலாம். எட்டு நாள் பாக்கி இருக்கிறது.

வெளியே வந்து இருவரும் பஸ்ஸுக்கு நின்றார்கள். மச்சான் அட்டையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். இரண்டு பஸ் வந்தது, இரண்டிலும் ஏறவில்லை.

“எத்தனை மூட்டை வேணும்னாலும் தூக்கறேன் மாப்ளே” என்றார். “அந்த கேட்டு முன்னாடி போய் நிக்க மட்டும் என்னால ஆகாது. உள்ளே போறதுக்கு இல்லை, வெளியிலேருந்து மணியடிச்சுக் கேக்கறதுக்குக்கூட. காலு வராது.”

“அவ போவா” என்றார் வெல்டர் பழக்கதோஷத்தில்.

“அவ ஒன்பது வருஷம் போயாச்சு.”

வெல்டர் வராத ஒரு இருமலை இருமினார். எதிர்ப்பக்கக் கடையின் போர்டைப் படிக்கிற மாதிரி நின்றார். தெருக்கோடியில் யாராவது தெரிந்தவர்கள் வருகிறார்களா என்று ஒருதரம் பார்த்தார், பழைய வழக்கம். அப்புறம் சட்டைக் காலரை இழுத்துச் சரிபண்ணிக்கொண்டு, “நாளைக்கு லீவு சொல்லிட்டுப் போறேன்” என்றார். “அங்கே போய் என்ன பண்ணணும்னு மட்டும் சொல்லுங்க மச்சான்.”

மச்சான் சொன்னார். முதல் பஸ் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் மாற வேண்டும், பெரிய கேட்டைத் தட்டக் கூடாது, பக்கத்துச் சின்னக் கதவில் மணி இருக்கிறது, கேட்கிறவனிடம் பள்ளிக்கூடத்து ரெஜிஸ்டர் என்று சொன்னால் போதும். முத்திரை வாத்தியார் இன்னும் உள்ளேதான் இருக்கிறார், முடிந்தால் ஒரு வணக்கம் சொல்லச் சொல்லி அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் விரல் விட்டு எண்ணிச் சொல்லி முடித்தார். மூணாவது பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது. மச்சான் மாப்பிள்ளையின் முழங்கையைப் பிடித்தார்.

“உள்ளே விடறதுக்கு முன்னாடி ஒரு நோட்டை நீட்டுவான். பேரு, முகவரி, யாரைப் பார்க்க, எல்லாம் எழுதணும். கடைசியில உறவுன்னு ஒரு கட்டம் இருக்கும் மாப்ளே. அதைக் காலியா விட்டுடாதீங்க.”